கருத்தடை எடுத்தும் கிட்டில் சந்தேகக் கோடு: செட்டிநாட்டுப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கருத்தடை எதுவும் இல்லாதபோது நாள் தள்ளிப் போனால் கர்ப்பப் பரிசோதனைக் கிட் வாங்கிப் பார்த்துவிடலாம். மாத்திரையோ ஊசியோ காப்பர்-டியோ இருக்கும்போது தள்ளிப் போனால்தான் குழப்பம். கருத்தடையே மாதவிடாயை மாற்றிவிடும், கிட்டோ பாதிக் கோடு காட்டும், வீட்டில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர் பக்கத்துப் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கோடு ரொம்ப மங்கலாக விழுந்திருக்கிறது. இருக்கா, இல்லையா?

எத்தனை நிமிடத்தில் பார்த்தீர்கள் என்பதுதான் முக்கியம். கிட்டின் உறையில் போட்டிருக்கும் நேரத்துக்குள், பெரும்பாலும் 5 நிமிடத்தில், ‘டி’ எழுத்துக்கு நேரே இளஞ்சிவப்பாக ஒரு கோடு வந்தால் அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். கோடு அழுத்தமாக இருந்தால்தான் கர்ப்பம் என்று ஒரு கணக்கும் கிடையாது.

கிட் தேடுவது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு கருப்பையில் ஒட்டிய பிறகுதான் அது சுரக்கத் தொடங்கும். ஆரம்பத்தில் ஏறக்குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதன் அளவு இரட்டிப்பாகும். அதனால் இன்று மங்கலாக விழுந்தது நல்லபடி வளரும் கர்ப்பமானால், மூன்று நாள் விட்டுக் காலை முதல் சிறுநீரில் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும். தெளியாமல் மங்கலாகவே நின்றாலோ மறைந்துவிட்டாலோ கிட்டோடு நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கிட்டை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, சமையலை முடித்து, அரை மணி கழித்து வந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல் தெரியலாம். அது சிறுநீர் காய்ந்த தடம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. புதுக் கிட்டில் மறுபடி பாருங்கள். கிட் வேலை செய்கிறதா என்று காட்டுவது ‘சி’ எழுத்துக்கு நேரே விழும் கோடு, அது விழவே இல்லை என்றால் அந்தக் கிட் செல்லாது.

கருத்தடை மாத்திரையிலும் ஹார்மோன்தானே இருக்கிறது? அதனால் பொய்யாகக் கோடு விழுமா?

விழாது. மாத்திரையிலும் ஊசியிலும் இருப்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் வகை ஹார்மோன்கள். கிட் தேடும் எச்.சி.ஜி. வேறு. அதனால் இவை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டவும் வைக்காது, உண்மையான கர்ப்பத்தை மறைக்கவும் மறைக்காது. “மாத்திரை சாப்பிடுவதால் அப்படிக் காட்டுகிறது, விடு” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இல்லாத கர்ப்பத்தைக் காட்டக்கூடிய மருந்து, குழந்தைப்பேறு சிகிச்சையில் போடும் எச்.சி.ஜி. ஊசி. சமீபத்தில் பிரசவமோ கருச்சிதைவோ ஆகியிருந்தாலும் சில வாரங்களுக்குக் கோடு விழும். மாதவிடாய் நிற்கப் போகும் வயதில் எப்போதாவது லேசான பாசிட்டிவ் வருவதுண்டு.

எந்த நாளில் பார்த்தால் நம்பலாம்?

பொதுவாக “நாள் தள்ளிப் போனதும் பாருங்கள்” என்பார்கள். கருத்தடை எடுப்பவர்களுக்கு அது சரிப்பட்டு வராது, எந்த நாளிலிருந்து தள்ளிப் போனது என்பதே அவர்களுக்குத் தெரியாது. சிலருக்கு மாதவிடாயே இருக்காது. சிலருக்கு வரும் ரத்தம் மாதவிடாயே அல்ல.

அதனால் மாதவிடாய்த் தேதியை ஒதுக்கிவிட்டு, சந்தேகம் எந்த உடற்சேர்க்கையால் வந்ததோ அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரை மறந்த வாரம், ஆணுறை கிழிந்த இரவு, ஊசி தவறிப்போன மாதம், எதுவானாலும் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். 21 நாள் ஆனபின் காலை முதல் சிறுநீரில் சரியாகச் செய்த பரிசோதனை நெகட்டிவ் என்றால், அந்தச் சேர்க்கையால் கர்ப்பம் இல்லை என்று நம்பலாம். பத்தாம் நாள் பார்த்துவிட்டு “அப்பாடா” என்று நிம்மதியடைவதில் அர்த்தமில்லை, அப்போது கரு ஒட்டியிருந்தாலும் கிட்டுக்குத் தெரியும் அளவு ஹார்மோன் ஏறியிருக்காது.

மாலா-என் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரை வாரத்தில் ரத்தமே வரவில்லை. என்ன செய்வது?

ஒரு நாளும் மறக்காமல் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அந்த அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரையும் 7 இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும். அந்த 7 நாளில் வருவது ஹார்மோன் நின்றதால் வரும் ரத்தம். நாளாக நாளாக அது குறையும், சில மாதம் வராமலும் போகும்.

மறந்திருந்தால் கதை வேறு. ஒரு மாத்திரை மறந்திருந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அன்றைக்குரியதையும் வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டோ அதற்கு மேலோ மறந்திருந்தால் ஒன்றை உடனே போட்டுவிட்டுத் தொடருங்கள், 7 நாள் ஆணுறையும் வேண்டும். அது மூன்றாவது வாரமாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு நேரே புது அட்டையைத் தொடங்கலாம். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுத்ததும், நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு இருந்ததும் மறந்ததற்குச் சமம்தான். இப்படி ஏதாவது நடந்து ரத்தமும் வரவில்லை என்றால் 21 நாள் கணக்கில் கிட் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் லேசாக ரத்தம் பட்டது என்பதை மட்டும் வைத்துக் கர்ப்பம் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. சரியாகச் சாப்பிட்டால் ஓராண்டில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கர்ப்பமாகும். நடைமுறையில், மறதியும் சேர்ந்து, ஏறக்குறைய 7 பேருக்கு ஆகிறது.

சந்தேகம் தீரும்வரை மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம். பலர் செய்கிற தப்பு இது. பயந்துபோய் அட்டையைத் தூக்கி வைத்துவிடுவார்கள், பத்து நாள் கழித்துக் கிட் நெகட்டிவ் என்று வரும், அதற்குள் பாதுகாப்பில்லாமல் இருந்த நாட்களில் நிஜமாகவே உண்டாகிவிடும். உறுதியாகும்வரை தொடருங்கள். ஆரம்பத்தில் தெரியாமல் சாப்பிட்ட கருத்தடை மாத்திரையால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பாசிட்டிவ் உறுதியான அன்று நிறுத்தினால் போதும்.

சாயா மாத்திரை எடுக்கிறேன். ஒரு மாதம் வருகிறது, ஒரு மாதம் வரவில்லை.

சாயாவின் குணமே அதுதான். அதில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன் என்ற மருந்து அது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. சிலருக்குச் சுழற்சி நீளும், அது ஆபத்தில்லை. எதிர்பார்த்த நாளைத் தாண்டி 15 நாளுக்கு மேல் போனால் கிட் பார்த்துவிடுங்கள். தினசரி மாத்திரை இல்லை என்பதால் கிழமை மறந்துபோவதுதான் இதில் சிக்கல். காரைக்குடியில் திங்கள்கிழமை சந்தை கூடுகிற மாதிரி இதற்கும் ஒரு கிழமையை நிரந்தரமாக்கிக்கொண்டால் மறக்காது. ஓரிரு நாள் தவறிப்போனாலும் அடுத்த மாதவிடாய்வரை ஆணுறை சேர்த்துக்கொள்ள வேண்டும். 7 நாளுக்கு மேல் தவறினால் முதலிலிருந்து, வாரம் இரண்டு என்று தொடங்க வேண்டும்.

அந்தரா கருத்தடை ஊசி போட்டு எட்டு மாதமாக மாதவிடாயே இல்லை. மாதாமாதம் கிட் வாங்கிக்கொண்டே இருக்கிறேன்.

அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் இந்த ஊசியில் மாதவிடாய் நின்றுபோவது மிகச் சாதாரணம், ஒரு வருடம் தொடர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வராது. கெட்ட ரத்தம் உள்ளே தேங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கருப்பையின் உட்சவ்வு வளராததால்தான் ரத்தம் வரவில்லை, தேங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை.

ஊசித் தேதி தவறினால் மட்டும் கவனியுங்கள். 4 வாரம்வரை தாமதமானாலும் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போய், இடையில் சேர்ந்தும் இருந்தால், பரிசோதித்த பிறகே ஊசி. ஊசியை நிறுத்தியபின் கரு உண்டாகச் சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் அதை நம்பி இன்னும் கொஞ்சம் நாள் பாதுகாப்பு இருக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

காப்பர்-டி போட்டிருக்கிறேன் (அல்லது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்கிறேன்). கோடு விழுந்துவிட்டது. தப்பாகத்தானே இருக்கும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். காப்பர்-டி போட்டவர்களில் முதல் ஆண்டில் 100-க்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் கர்ப்பமாகிறது. ஆபரேஷனும் நூற்றுக்கு நூறு கிடையாது, ஆண்டுகள் கழித்தும் எப்போதாவது தவறும். அபூர்வம் என்பதாலேயே பெண்கள் கோட்டை நம்ப மறுக்கிறார்கள். ஆபத்து அங்கேதான்.

காப்பர்-டி கருக்குழாய்க் கர்ப்பத்தை உண்டாக்குவதில்லை, எல்லாக் கர்ப்பத்தையும் சேர்த்தே தடுக்கிறது. ஆனால் அதையும் மீறி உண்டானால், கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆபரேஷன் செய்தவர்களுக்கும் அப்படியே. குழாயில் தங்கிய கருவில் ஹார்மோன் பல சமயம் மெதுவாகவே ஏறும். அதனால் வாரக்கணக்கில் கோடு மங்கலாகவே இருக்கும், நடுவே ரத்தமும் படும், “மாதவிடாய் வந்துவிட்டது” என்று நினைத்துவிடுவார்கள். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே காப்பர்-டியோ ஆபரேஷனோ இருந்து கோடு விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றோ மறுநாளோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் எச்.சி.ஜி. அளவு, ஸ்கேன் இரண்டும் வேண்டியிருக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கானாடுகாத்தானோ கீழச்சிவல்பட்டியோ, இரவில் வண்டி தேடி அலைவதைவிட அது வேகம். காப்பர்-டி இருக்கிறது அல்லது ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தால், பிள்ளை வேண்டும் என்றாலும்கூட, காப்பர்-டியின் நூல் தெரிகிற நிலையில் மருத்துவர் அதைச் சீக்கிரமே எடுத்துவிடச் சொல்வார். அப்படியே விட்டால் கருச்சிதைவும் கிருமித் தொற்றும் வரும் வாய்ப்பு கூடுதல்.

கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். லீவில் வந்தபோது ஐ-பில் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் ரத்தம் வந்தது, இப்போது நாள் தள்ளிப் போயிருக்கிறது.

அவசர மாத்திரை சாப்பிட்ட சில நாளில் வரும் ரத்தம் மருந்தின் விளைவு, கர்ப்பம் இல்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. அடுத்த மாதவிடாய் ஒரு வாரம் முன்னே பின்னே வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கிட் பாருங்கள்.

லீவில் வருபவர்கள் விஷயத்தில் இன்னொன்று. ஐ-பில் என்ற இந்த லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரை ஏற்கெனவே நடந்த சேர்க்கைக்குத்தான், 72 மணி நேரத்துக்குள் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சாப்பிட்ட பிறகு நடப்பதற்கு அது பாதுகாப்பு தராது. இரண்டு வாரம் தங்கியவர் முதல் வாரத்தில் வாங்கிக் கொடுத்த ஒரு மாத்திரை இரண்டாவது வாரத்துக்குச் செல்லாது. அதனால் 21 நாளை அவர் விமானம் ஏறுவதற்குமுன் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுங்கள். ஒவ்வொரு லீவுக்கும் இதே கதை என்றால் ஐ-பில் சரியான வழி அல்ல, அவர் வருவதற்குமுன்பே நிரந்தரமாக ஒரு முறையைத் தேர்ந்துகொள்வது மேல்.

பாதயாத்திரைக்காக நாள் தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிட்டேன். நிறுத்தியும் வரவில்லையே?

தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம், மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் பால்குடம், அப்புறம் கல்யாணங்கள். எங்கள் பக்கத்து மெடிக்கல்களில் இந்த மாத்திரை போகிற போக்குக்குக் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் அது நோரெதிஸ்டிரோன் 5 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வந்துவிட வேண்டும். ஒரு வாரம் ஆகியும் வராவிட்டால் கிட் பாருங்கள்.

நாள் தள்ளிப்போட்டதையே கருத்தடை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாத்திரையை அந்த வேலைக்குக் கொடுப்பதில்லை. வழக்கமாகக் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இது தனியாகத் தேவையும் இல்லை. இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையை ஆரம்பித்தாலே அந்த மாதம் வராது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

சர்க்கரை, உப்பு, டூத்பேஸ்ட் வைத்துப் பார்க்கலாமா? ஆயா நாடி பிடித்து “உண்டாகியிருக்கு” என்கிறார்.

சர்க்கரைக்கும் டூத்பேஸ்டுக்கும் எச்.சி.ஜி. என்றால் என்னவென்று தெரியாது. ஆயாவிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு கிட்டைப் பாருங்கள்.

கிட் கெட்டுப்போகுமா?

போகும். உறையைப் பாருங்கள், பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கும். அக்னி நட்சத்திர நாளில் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் நாள் முழுக்கக் கிடந்த கிட்டை நம்பாதீர்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். உறையைப் பிரித்த உடனே பயன்படுத்துங்கள். மூன்று சொட்டு என்றால் மூன்று சொட்டுதான், குழி நிறைய ஊற்றக் கூடாது. சிறுநீர் சீக்கிரம் வரட்டும் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தாலும் நீர்த்துப்போய்க் கோடு விழாமல் போகலாம்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 14 என்று வந்திருக்கிறது. என்ன அர்த்தம்?

லேபில் “பீட்டா எச்.சி.ஜி., அளவோடு வேண்டும்” என்று கேளுங்கள். 5-க்குக் கீழே என்றால் இல்லை. 25-க்கு மேல் என்றால் இருக்கிறது. 14 நடுவில் நிற்கிறது, இன்று யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. 48 மணி நேரம் கழித்து அதே லேபில் மறுபடி பாருங்கள். லேப் மாறினால் எண்ணை ஒப்பிடுவது சிரமம். நன்றாக ஏறினால் ஆரம்பக் கர்ப்பம். இறங்கினால் பெரும்பாலும் உண்டாகி உடனே கலைந்திருக்கிறது, இது நினைப்பதைவிடச் சாதாரணமாக நடப்பது, பலர் மாதவிடாய் என்றே கடந்துவிடுவார்கள். ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்றால் கருக்குழாய்க் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனுக்கு அவசரப்பட்டும் பயனில்லை, கர்ப்பம் ஏறக்குறைய 5 வாரம் ஆனபிறகுதான் உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாகச் செய்வது) கருப்பைக்குள் கருவின் பை தெரியவரும். வலியோ ரத்தமோ இருந்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

வேறு மருந்து சாப்பிட்டால் கருத்தடை வேலை செய்யாதா?

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாயின் போன்றவை கருத்தடை மாத்திரையின் சக்தியைக் குறைக்கும். இவற்றைச் சாப்பிடுபவர்களுக்குக் காப்பர்-டியோ ஊசியோ பொருத்தம். காய்ச்சலுக்கும் சளிக்கும் தரும் சாதாரண ஆன்டிபயாடிக்கால் பிரச்சினை இல்லை.

பால் கொடுக்கிறேன், பிரசவத்துக்குப் பின் இன்னும் வரவே இல்லை. பயம் வேண்டுமா?

பிள்ளைக்கு 6 மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் தவிர எதுவும் தரவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நல்ல பாதுகாப்பு. கூழோ பால்பவுடரோ தொடங்கிவிட்டால் அது போச்சு. மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடலாம். அம்மா வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போதே ஒரு முறையை முடிவு செய்துவிடுவது நல்லது.

மெடிக்கல்காரர் மாமனாருக்குத் தெரிந்தவர். எங்கே போய்ப் பார்ப்பது?

பெரிய வீடு, வளவு, இரண்டாம் கட்டு என்று எத்தனை இடம் இருந்தாலும் ரகசியத்துக்கு இடமில்லாத ஊர்கள்தான் நம்முடையவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிட் இலவசமாகவே பார்க்கலாம், கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். அவர் வீடு தேடி வந்தால் தெருவே கவனிக்கும் என்று தோன்றினால் நீங்களே நிலையத்துக்குப் போய்விடுங்கள். பேச மட்டும் வேண்டுமென்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. காரைக்குடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகளும் கேட்கிறார்கள். கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று கிட் விற்க எந்த நிபந்தனையும் இல்லை.

மூன்று முறை நெகட்டிவ். ஆனாலும் வரவில்லை.

21 நாள் கணக்கு சரியாக இருந்து மூன்றும் நெகட்டிவ் என்றால் கர்ப்பத்தை விட்டுவிடலாம். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, திடீரென்று ஏறிய அல்லது இறங்கிய எடை, மன உளைச்சல், நாற்பதுகளில் மாதவிடாய் நிற்கும் காலம் என்று காரணங்கள் பல. ஊசி போடாதவருக்கு மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

உறுதியாகிவிட்டது. இனி?

வேண்டும் என்றால் கருத்தடை மாத்திரையை நிறுத்தி, ஃபோலிக் அமிலம் தொடங்கி, 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். அப்படிப் பதிவு செய்ததும் தரும் பிக்மி எண் பிறப்புச் சான்றிதழுக்கும், தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் தேவை.

வேண்டாம் என்றால் அதற்கும் சட்டம் இடம் தருகிறது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கருத்தடை தவறியதை ஒரு காரணமாக ஏற்கிறது. 2021 திருத்தத்துக்குப்பின் ‘கணவர்’ என்றிருந்தது ‘துணைவர்’ ஆனது, அதனால் திருமணமாகாதவர்களுக்கும் பொருந்தும். 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிறைந்தவருக்கு அவருடைய சம்மதம் மட்டுமே வேண்டும், கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. பெயரை வெளியிடுவதும் குற்றம். ஆனால் மெடிக்கலில் யாரோ சொன்னார் என்று கலைப்பு மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். கரு குழாயில் இருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது, வரும் ரத்தத்தைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும்போது குழாய் வெடிக்கலாம். எங்கே இருக்கிறது என்று மருத்துவர் உறுதி செய்தபின் அவர் எழுதித் தருவதை, அவர் சொன்ன நாளில் திரும்பிப் போய்க் காட்டும் ஏற்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் நாலைந்து வாரம்வரை கிட்டில் கோடு விழலாம், அதைப் புதுக் கர்ப்பம் என்று எண்ண வேண்டாம்.